உயிர்ப்பு ஞாயிறும் மீட்பும்

உயிர்ப்பு ஞாயிறு அல்லது உயிர்த்தெழுதல் பெருவிழா என்பது, சிலுவையில் அறையுண்டு இறந்த இயேசு மூன்றாம் நாள் சாவிலிருந்து உயிர்பெற்று எழுந்தார் என்னும் நம்பிக்கையைக் கிறித்தவர்கள் கொண்டாடும் திருநாள் ஆகும். இது பாஸ்கா என்றும் ஈஸ்டர் என்றும் அழைக்கப்படுகிறது. பொதுமக்கள் நடுவே கிறித்து பிறப்பு விழாவே மிகுதியாக அறியப்பட்டிருந்தாலும், திருச்சபையின் வழிபாட்டு ஆண்டில் முதலிடம் பெறுவது உயிர்ப்பு ஞாயிறே. காலத்தாலும் இதுவே மூத்த விழாவாகும். 2ஆம் நூற்றாண்டிலேயே இது கொண்டாடப்பட்டு வந்தது. டிசம்பர் 25ஆம் நாள் பிறப்பு விழா கொண்டாடப்பட்டதற்கான சான்றோ 4ஆம் நூற்றாண்டில்தான் கிடைக்கிறது.

இறந்த ஒருவர் உயிர்பெற்ற அதிசயத்தின் நினைவு என்று மட்டும் இவ்விழாவைப் புரிந்துகொண்டால், கிறித்தவர்கள் அதற்குத் தரும் இடம் விளங்காது. உயிர்த்தெழுந்தவர் ஒருவர், அதனால் மீட்புப் பெறுவது மனித குலம் முழுவதும் என்பதே அந்நம்பிக்கையின் சாரம். ஒருவருக்கு நிகழ்ந்தது பிறருக்கு எவ்வாறு பயன்படும், மனிதர் எதிலிருந்து மீட்கப்படுகின்றனர் ஆகிய கேள்விகளுக்குக் கிறித்தவ மரபு ஒரே விடையைத் தரவில்லை.

பெயரும் சொற்களும்

"பாஸ்கா" என்னும் சொல், "பெசாக்" என்னும் எபிரேயச் சொல்லின் அரமேய வடிவத்திலிருந்து கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளின் வழியாக வந்ததாகும். முதலில் அது யூதர்களின் விடுதலை விழாவையே குறித்தது. பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம், உருசியம் முதலிய மொழிகளில் கிறித்தவர்களின் விழாவும் இதே வேரிலிருந்து வந்த சொல்லாலேயே அழைக்கப்படுகிறது. ஆங்கிலத்தின் "ஈஸ்டர்", செருமானியத்தின் "ஓஸ்டர்ன்" ஆகியவை விதிவிலக்குகள். ஏயோஸ்த்ரே என்னும் பெண்தெய்வத்தின் பெயரால் வழங்கிய மாதத்திலிருந்து "ஈஸ்டர்" என்னும் பெயர் வந்தது என இங்கிலாந்து நாட்டுத் துறவி பீடு 725ஆம் ஆண்டளவில் எழுதினார். அத்தெய்வத்தைப் பற்றி அவருடைய குறிப்பைத் தவிர வேறு பழைய எழுத்துச் சான்று இல்லை. பீடு எழுதுவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கம் பேசிய பகுதிகளில் இவ்விழா பாஸ்கா என்னும் பெயரில் நிலைபெற்றிருந்தது. எனவே இது ஒரு பழைய தெய்வத்தின் விழாவின் மறுவடிவம் என்று பரவலாகக் கூறப்படுவதற்கு அப்பெயர் போதிய ஆதாரம் ஆகாது.

தமிழில் சீர்திருத்தச் சபையினர் "இரட்சிப்பு", "இரட்சகர்" என்னும் சொற்களையும், கத்தோலிக்கர் "மீட்பு", "மீட்பர்" என்னும் சொற்களையும் பெரிதும் ஆள்கின்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் "மீட்பு" என்னும் சொல்லையே பயன்படுத்துகிறது. இவ்விரு சொற்களும் முற்றிலும் ஒரே பொருளைத் தருவன அல்ல. இரட்சிப்பு என்பது காத்தல். மீட்பு என்பதில் அடகுப் பொருளையோ சிறைப்பட்டவரையோ திரும்பப் பெறுதல் என்னும் பொருள் உள்ளது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் இவ்வாறே இரு சொற்குடும்பங்கள் காணப்படுகின்றன. ஒன்று, விலை கொடுத்து விடுவித்தலைக் குறிக்கும். மற்றொன்று, காப்பதையும் நலமாக்குவதையும் ஒருங்கே குறிக்கும். நற்செய்தி நூல்களில் இயேசு நோயாளிகளைக் குணப்படுத்தும் இடங்களில் அவ்வினைச்சொல்லே வருகிறது. மீட்பு என்பது இறந்தபின் விண்ணகம் சேர்வது மட்டுமே என்னும் எண்ணம் இவ்விரு சொற்களுக்கும் பொருந்தாது.

யூதப் பின்னணி

இயேசு இறந்தது யூதர்களின் பாஸ்கா விழாக் காலத்தில் ஆகும். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரயேலர் விடுதலை பெற்றதன் நினைவே அவ்விழா. விடுதலை நாளுக்கு முந்திய இரவில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசப்பட்ட வீடுகளைச் சாவு கடந்து சென்றது என்றும், அதன்பின் மக்கள் கடலைக் கடந்து தப்பினர் என்றும் விடுதலைப் பயண நூல் கூறுகிறது. மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூவரும் இயேசுவின் இறுதி உணவைப் பாஸ்கா உணவாகக் காட்டுகின்றனர். யோவானோ, பாஸ்கா ஆடுகள் வெட்டப்படும் ஆயத்த நாளிலேயே இயேசு சிலுவையில் இறந்ததாக எழுதுகிறார். இரண்டு நாள்முறைகளும் ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. ஆயினும் இயேசுவின் சாவைப் பாஸ்காவின் ஒளியில் காண வேண்டும் என்பதில் நால்வரும் ஒன்றுபடுகின்றனர். கிறித்தவர்கள் "மீட்பு" என்று சொல்லத் தொடங்கியபோது, அவர்கள் மனத்தில் முதலில் நின்றது அடிமைகளின் விடுதலையே.

"உயிர்த்தெழுதல்" என்னும் கருத்தும் யூத மண்ணில் விளைந்ததே. கடவுளுக்கு உண்மையாய் இருந்தமைக்காகக் கொல்லப்பட்டவர்களைக் கடவுள் கைவிடுவாரா என்னும் கேள்வி, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யூதர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில் கடுமையாக எழுந்தது. தானியேல் நூலின் 12ஆம் அதிகாரமும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரமும் அதற்கு விடையாக இறந்தோர் எழுப்பப்படுவர் என்று கூறுகின்றன. இயேசுவின் காலத்தில் பரிசேயர் இதனை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர்.

ஆகவே உயிர்த்தெழுதல் என்பது ஆன்மா உடலை விட்டுப் பிரிந்து வாழ்வதன்று, மறுபிறவியும் அன்று. பிறவிச் சுழற்சியிலிருந்து விடுபடுதலாகிய வீடுபேறு என்னும் கருத்தோடு பழகிய வாசகர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளுதல் நலம். இங்கு உடல் கழற்றி எறியப்படும் சட்டையாகக் கருதப்படுவதில்லை. மாற்றம் பெற்று மீட்கப்படுவதாகக் கருதப்படுகிறது. காலத்தின் முடிவில் அனைவருக்கும் நிகழும் என எதிர்பார்க்கப்பட்ட ஒன்று, ஒருவருக்கு முன்னதாகவே நிகழ்ந்துவிட்டது என்பதே இயேசுவின் சீடர்கள் அறிவித்த புதுச் செய்தி ஆகும். திருத்தூதர் பவுல் இதற்கு அறுவடையின் முதற்பலனை உவமையாகக் கூறுகிறார். முதற்கதிர் கையில் கிடைத்தால் வயல் முழுவதும் விளையும் என்பது பெறப்படும் அல்லவா?

புதிய ஏற்பாட்டுச் சான்றுகள்

உயிர்த்தெழுதலைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் முதன்மையானது நற்செய்தி நூல்களில் இல்லை. பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தில் (15ஆம் அதிகாரம்) உள்ளது. அது ஏறத்தாழ கி.பி. 53-55 அளவில் எழுதப்பட்டது. கிறித்து நம் பாவங்களுக்காக இறந்தார், அடக்கம் செய்யப்பட்டார், மூன்றாம் நாள் எழுப்பப்பட்டார், பலருக்குத் தோன்றினார் என்னும் செய்தியைத் தாமே பிறரிடமிருந்து பெற்று ஒப்படைப்பதாகப் பவுல் குறிப்பிடுகிறார். எனவே அவ்வாய்பாடு கடிதத்தினும் பழமையானது என்பதில் அறிஞரிடையே பெரிதும் கருத்து வேறுபாடு இல்லை.

நற்செய்தி நூல்கள் அதன்பின் எழுதப்பட்டவை. கல்லறைக்கு முதலில் சென்றோர் பெண்களே என்பதில் நான்கும் ஒத்துச் செல்கின்றன. அப்பெண்கள் யாவர், அங்கு யாரைக் கண்டனர், சீடர்களுக்கு இயேசு எருசலேமில் தோன்றினாரா கலிலேயாவில் தோன்றினாரா என்பவற்றில் வேறுபடுகின்றன. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் படிகளான சினாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும், பெண்கள் அச்சமுற்று ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போயினர் என்பதோடு முடிந்துவிடுகின்றன. உயிர்த்தெழுந்த கணத்தை நான்கு நூல்களுள் எதுவும் விவரிக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. அக்காட்சியை விவரிக்க முயல்வது, திருச்சபையால் ஏற்கப்படாத பேதுரு நற்செய்தி என்னும் பிற்கால நூலே.

வரலாற்று ஆய்வு எதுவரை செல்ல முடியும் என்பது குறித்து நீண்ட விவாதம் உண்டு. உயிர்த்தெழுதல் என்பது சிலுவையின் பொருளைச் சீடர்கள் கண்டுகொண்டதன் வெளிப்பாடு என்று செருமானிய அறிஞர் ருடால்ஃப் புல்ட்மன் கருதினார். வெறுங்கல்லறையும் தோற்றங்களும் மெய்யாக நிகழ்ந்தவை என்று கொள்ளாவிட்டால் தொடக்கத் திருச்சபையின் எழுச்சியை விளக்க இயலாது என்று இங்கிலாந்து நாட்டு ஆயர் என். டி. ரைட் 2003இல் வெளியிட்ட விரிவான நூலில் வாதிட்டார்.

பவுலுக்கு இது ஓர் ஆய்வுப் பொருள் அன்று. கிறித்து எழுப்பப்படவில்லை என்றால் தம் அறிவிப்பும் கேட்போரின் நம்பிக்கையும் பொருளற்றவை, அவர்கள் இன்னும் தங்கள் பாவங்களிலேயே உள்ளனர், இறந்துபோனோரும் அழிந்தே போயினர் என்று அவர் வெளிப்படையாக எழுதுகிறார். ஒரு சமயத்தை நிறுவியோருள் ஒருவர், அது பொய்யாவதற்கான நிபந்தனையைத் தம் கையாலேயே எழுதி வைத்திருப்பது அரிது. இங்கே பாவ மன்னிப்பைச் சிலுவையோடு மட்டும் அவர் இணைக்கவில்லை. உரோமையருக்கு எழுதிய கடிதத்திலும், இயேசு நம் குற்றங்களுக்காகச் சாவுக்குக் கையளிக்கப்பட்டார், நாம் கடவுளுக்கு ஏற்புடையவராகும்படி எழுப்பப்பட்டார் என்னும் கருத்தைக் கூறுகிறார். சாவும் உயிர்ப்பும் அவருக்கு ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

எதிலிருந்து மீட்பு?

கடவுள் மகன் நம் மீட்புக்காக மனிதரானார் என்று நிசேயா நம்பிக்கை அறிக்கை கூறுகிறது. ஆனால் அம்மீட்பு எவ்வகையில் நடைபெற்றது என்பதை அவ்வறிக்கையோ முதல் ஏழு பொதுச்சங்கங்களோ வரையறுக்கவில்லை. கிறித்து யார் என்பதற்குச் சொல் சொல்லாக வரையறை தந்த சங்கங்கள் இதனைத் திறந்தே விட்டமையால், பல விளக்கங்கள் அருகருகே வளர்ந்தன.

கீழைத் திருச்சபையின் விடை, மனிதர் சாவிலிருந்தும் அழிவிலிருந்தும் மீட்கப்படுகின்றனர் என்பதாகும். 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு, அழிவுக்கு உட்பட்ட மனித இயல்பைக் கடவுளின் வாக்கு தாமே ஏற்று, அதனுள் நின்று சாவை வென்றார் என விளக்கினார். இந்நம்பிக்கையைச் சொல்லைவிட ஓவியமே தெளிவாகக் காட்டுகிறது. மேலை நாட்டு ஓவியங்கள் இயேசு கல்லறையிலிருந்து தனியாக எழுவதை வரைய, கீழைத் திருச்சபையின் உயிர்ப்பு ஓவியம் அவர் பாதாளத்தில் இறங்குவதை வரைகிறது. கான்ஸ்டாண்டிநோபிள் நகரின் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டப்பட்ட சுவரோவியம் இவ்வகையில் புகழ்பெற்றதாகும். அதில் வெண்ணாடை அணிந்த கிறித்து, ஆதாமை ஒரு கையாலும் ஏவாளை மறு கையாலும் மணிக்கட்டில் பற்றிக் கல்லறைகளிலிருந்து இழுக்கிறார். அவர் காலடியில் பாதாளத்தின் கதவுகள் உடைந்து கிடக்கின்றன. பூட்டுகளும் திறவுகோல்களும் சிதறியுள்ளன. அவர் தனியே எழவில்லை என்பதே ஓவியத்தின் செய்தி. (16ஆம் நூற்றாண்டில் பள்ளிவாசலாக்கப்பட்ட அக்கட்டடம் 20ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாயிற்று, 2020ஆம் ஆண்டின் அரசாணைப்படி மீண்டும் பள்ளிவாசலாகி 2024இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.)

மீட்பு என்பது விலை கொடுத்து விடுவித்தல் என்றால், அவ்விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? அலகைக்கு என்று சிலர் கூறினர். நீசா நகர் கிரகோரி, மனித உடலாகிய இரையை விழுங்கிய அலகை அதனுள் மறைந்திருந்த இறைமையாகிய தூண்டில் முள்ளில் சிக்கியது என்று உவமை கூறினார். அவருடைய நண்பர் நாசியான்சு நகர் கிரகோரி, உயிர்ப்பு விழாவுக்கான தம் உரையொன்றிலேயே இதனை மறுத்தார். கொள்ளையனுக்குக் கடவுளையே விலையாகத் தருவது இழிவு என்றார். தந்தையாம் கடவுளுக்கு என்று கொண்டாலோ, அவர் நம்மைச் சிறைப்பிடித்தவர் அல்லர். தம் மகனின் இரத்தத்தில் மகிழ்பவரும் அல்லர் என்றார். இக்கேள்வியை இத்துணைக் கூர்மையாக அதற்கு முன் எவரும் எழுப்பவில்லை எனலாம்.

மேலைத் திருச்சபை வேறு வழியில் சென்றது. கான்டர்பரி பேராயர் அன்செல்ம், "கடவுள் ஏன் மனிதரானார்" என்னும் பொருளில் 1098இல் முடித்த நூலில், பாவத்தைக் கடவுளுக்குச் செலுத்தப்படாத கடனாக விளக்கினார். கடன்பட்டவர் மனிதர், அதைத் தீர்க்க வல்லவர் கடவுள் மட்டுமே, எனவே கடவுளும் மனிதருமான ஒருவர் தேவைப்பட்டார். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள், குறிப்பாகக் கால்வின், கடன் என்னும் உருவகத்தை நீதிமன்ற உருவகமாக மாற்றி, மனிதருக்குரிய தண்டனையைக் கிறித்து ஏற்றார் என்றனர். அன்செல்முக்கு அடுத்த தலைமுறையினரான பீட்டர் அபெலார்டு, சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதரின் உள்ளத்தை மாற்றுவதை வலியுறுத்தினார். இவ்விளக்கங்கள் ஒவ்வொன்றிலும் ஆழம் உண்டு. எனினும் மீட்பு முழுவதும் சிலுவையிலேயே நிறைவேறிவிடுமானால், உயிர்த்தெழுதல் அதற்கு இடப்பட்ட முத்திரையாக மட்டுமே எஞ்சுகிறது. பவுல் அவ்வாறு எழுதவில்லை. 1930இல் சுவீடன் நாட்டு இறையியலார் குஸ்தாவ் அவுலேன் இதனைச் சுட்டிக்காட்டி, தொடக்கத் திருச்சபையின் "வெற்றி வீரரான கிறித்து" என்னும் பார்வையே மூத்தது என்று வாதிட்டபின், மேலை நாட்டு இறையியலிலும் உயிர்ப்பு மீண்டும் நடுவிடம் பெறத் தொடங்கியது.

இரண்டையும் பிரிக்காமல் காட்டிய மேலை நாட்டுக் கலைப்படைப்பு ஒன்று உண்டு. 1512-1516 அளவில் மத்தியாஸ் குரூனவால்டு வரைந்த ஈசன்ஹைம் பீட ஓவியம், நஞ்சேறிய தானியத்தால் உடல் அழுகும் நோயுற்றோரைப் பேணிய அந்தோனியார் சபை மடத்துக்காக ஆக்கப்பட்டது. மூடிய நிலையில் அதில் தெரிவது, உடலெங்கும் புண்கள் நிறைந்த, விரல்கள் முறுக்கிய கிறித்து. கதவுகளைத் திறந்தால் அதே உடல் காயத் தழும்புகளோடு ஒளிப்பிழம்பாக எழுவது தெரியும்.

வெற்றிக்குப் பின்னும் சாவு

சாவு வெல்லப்பட்டது என்றால் மனிதர் இன்னும் சாவது ஏன்? இது தொடக்கக் காலத்திலேயே எழுந்த கேள்வி. தெசலோனிக்க நகரக் கிறித்தவர்கள் தங்களுள் சிலர் இறந்தபோது கலங்கினர் என்பது பவுலின் கடிதத்திலிருந்து தெரிகிறது. மீட்பு தொடங்கிவிட்டது, ஆனால் நிறைவுறவில்லை என்பது புதிய ஏற்பாட்டின் விடை. ஆஸ்கர் குல்மன் 1946இல், இரண்டாம் உலகப் போரின் நினைவு மாறாத காலத்தில், தீர்வான சண்டை வெல்லப்பட்ட பின்னும் போர் ஓயும் நாள் வரை குருதி சிந்தப்படுவதை இதற்கு ஒப்பிட்டார்.

இக்கேள்வி 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் மிகக் கொடிய வடிவில் எழுந்தது. அன்று உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு அருகே கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பின் விடுதிகளிலும் நடத்தப்பட்ட தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மட்டக்களப்பில் இறந்தோருள் சிறுவர் பலர். உயிர்ப்பைக் கொண்டாடக் கூடியவர்களே அன்று சாவைச் சந்தித்தனர். உயிர்த்தெழுந்தவரின் உடலிலும் ஆணித் தழும்புகள் நீங்கவில்லை என்று யோவான் நற்செய்தி கூறுவதைக் கிறித்தவ மரபு இத்தகைய இடத்திலேயே நினைவுகூர்கிறது. அது "ஏன்" என்னும் கேள்விக்கு விடையன்று; துன்புற்றவர் துன்புற்றவராகவே அடையாளம் காணப்படுவார் என்னும் வாக்குறுதி மட்டுமே.

யார் மீட்படைவர்?

3ஆம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான், திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்னும் கருத்தை முன்வைத்தார். திருச்சபையிலிருந்து பிரிந்து சென்றோரை நோக்கி எழுதப்பட்ட அக்கருத்து, பிற்காலத்தில் கிறித்தவர் அல்லாதோர் அனைவர் மேலும் ஏற்றிக் கூறப்பட்டது. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளும் மிக இலேசான தண்டனையாயினும் அடைவர் என்று அகுஸ்தீன் கருதினார். இடைக்கால இறையியலார் அதனைத் தணித்து, துன்பமற்ற, ஆனால் கடவுளைக் காணாத "லிம்போ" என்னும் நிலையைக் கற்பித்தனர். பிள்ளையை இழந்த பெற்றோர் பல நூற்றாண்டுகளாக இக்கருத்தின் சுமையைத் தாங்கினர். லிம்போ கத்தோலிக்கத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் வரையறுக்கப்படவில்லை. அக்குழந்தைகள் மீட்படைவர் என நம்புவதற்குப் போதிய காரணங்கள் உள்ளன என்று பன்னாட்டு இறையியல் குழு 2007இல் வெளியிட்ட ஆவணம் கூறியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், நற்செய்தியை அறியாதவராயினும் நேரிய உள்ளத்தோடு கடவுளைத் தேடி மனச்சான்றின்படி நடப்போர் மீட்படையக் கூடும் என்று கற்பித்தது. 1965இல் வெளிவந்த "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏடு அதனை உயிர்ப்போடு நேரடியாக இணைத்தது. கிறித்துவின் சாவிலும் உயிர்ப்பிலும் பங்குபெறும் வாய்ப்பைத் தூய ஆவியார், கடவுள் மட்டுமே அறியும் வகையில், அனைவருக்கும் அளிக்கிறார் என்பது அதன் கருத்து. சீர்திருத்தச் சபைகளுள் பல, கிறித்துவில் வெளிப்படையாக நம்பிக்கை கொள்வதையே மீட்புக்கு இன்றியமையாததாகக் கருதுகின்றன. மீட்பு நம்பிக்கையாலா நற்செயலாலா என்னும் பழைய பிணக்கில், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டு அறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன.

வழிபாட்டில்

தொடக்கக் காலத்தில் திருமுழுக்கு சிறப்பாக உயிர்ப்பு இரவில் அளிக்கப்பட்டது. நீரில் அமிழ்வது கிறித்துவோடு புதைக்கப்படுவது, வெளியேறுவது அவரோடு எழுவது என்று உரோமையர் கடிதத்தின் 6ஆம் அதிகாரம் விளக்குகிறது. ஒருவருக்கு நிகழ்ந்தது பிறருக்கு எவ்வாறு பயன்படும் என்னும் கேள்விக்குத் திருச்சபை முதலில் தந்த விடை இச்சடங்கே. பழைய திருமுழுக்குக் கூடங்கள் பல எட்டுப் பக்கங்கள் கொண்டவையாகக் கட்டப்பட்டன; வாரத்தின் ஏழு நாள்களைக் கடந்த "எட்டாம் நாள்", அதாவது உயிர்ப்பின் நாள், அதன் உட்பொருள்.

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இவ்விரவு விழிப்பு காலப்போக்கில் சனிக்கிழமைக் காலைக்கு மாறிப்போயிருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951இல் அதனை மீண்டும் இரவுக்குக் கொண்டுவந்தார். இருளில் புதுத் தீயிலிருந்து பாஸ்கா மெழுகுதிரி ஏற்றப்படுகிறது. அதில் அவ்வாண்டின் இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அதன்பின் பாடப்படும் பாஸ்கா புகழுரை, இத்தகைய மீட்பரைப் பெற்றுத் தந்தமையால் ஆதாமின் குற்றத்தையும் நற்பேறாகக் கொள்ளத் துணிகிறது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழனுள் சிலவற்றை விட்டுவிடலாம். செங்கடலைக் கடந்த நிகழ்ச்சியை மட்டும் விடலாகாது. கீழைத் திருச்சபைகளில் யோவான் கிறிசோஸ்தோம் பெயரால் வழங்கும் மறையுரை அன்று வாசிக்கப்படுகிறது. நோன்பிருந்தோரையும் நோன்பிராதோரையும், முதல் மணியில் வந்தோரையும் கடைசி மணியில் வந்தோரையும் அது ஒன்றாகவே விருந்துக்கு அழைக்கிறது.

விழா நாள்

2ஆம் நூற்றாண்டில் சிறிய ஆசியாவின் கிறித்தவர்கள், யூத நாள்காட்டியின் நீசான் மாதம் 14ஆம் நாளில், அது எக்கிழமையாயினும், பாஸ்காவைக் கொண்டாடினர். உரோமையினர் ஞாயிற்றுக்கிழமையிலேயே கொண்டாடினர். 190ஆம் ஆண்டளவில் உரோமை ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை விலக்க முற்பட்டபோது, லியோன் நகர் ஆயர் இரனேயு தலையிட்டு அமைதி காக்க வேண்டினார். 325இல் நிசேயா சங்கம் அனைவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் எனத் தீர்மானித்தது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்னும் விதி நிலைபெற்றது. இதன்படி விழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே அமையும்.

1582இல் கிரகோரியன் நாள்காட்டி வந்தபின் மேலைத் திருச்சபைகளும் கீழைத் திருச்சபைகளும் பெரும்பாலும் வெவ்வேறு நாள்களில் கொண்டாடுகின்றன. எருசலேமின் நிலநெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டு வானியல் முறைப்படி பொது நாளைக் கணிக்கலாம் என்று 1997இல் அலெப்போ நகரில் கூடிய ஆலோசனைக் கூட்டம் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2024இல் மேலைத் திருச்சபைகள் மார்ச் 31 அன்றும் கீழைத் திருச்சபைகள் மே 5 அன்றும் கொண்டாடின. நிசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டாகிய 2025இல் இரு கணிப்புகளும் ஏப்ரல் 20 அன்றே ஒன்றாக அமைந்தன.